கடிதம் போட்டாகிவிட்டது என்பது பதில் இல்லை

டெக்சாஸில் ஒரு ஆய்வகத்தில், கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனையான பாப் ஸ்மியர் கண்ணாடிகளை நுண்ணோக்கியில் பார்ப்பது என் வேலை. மாறிப்போன செல்கள் தென்பட்டால் மையால் புள்ளி வைத்து மருத்துவரிடம் கொடுப்பேன். அவர் பார்த்து எழுதும் அறிக்கை கிளினிக்குக்குப் போய்விடும். அப்புறம் அந்தப் பெண் என்ன ஆனார் என்று எங்களுக்குத் தெரியாது.

எப்போதாவது தெரியவரும். போன மாதம் ஒரு பெண்ணின் பயாப்ஸி, அதாவது வெட்டியெடுத்த திசு மாதிரி, வந்தது, புற்றுநோய். பழைய பதிவுகளை எடுத்துப் பார்த்தால், சில வருடங்களுக்கு முன்பே கால்போஸ்கோபி (கருப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் சோதனை) தேவை என்று அறிக்கை போயிருக்கிறது. நடுவில் ஒன்றுமே இல்லை. கிளினிக்கில் கேட்டதற்கு, "கடிதம் போட்டோமே" என்றார்கள். ஆங்கிலத்தில் ஒரு கடிதம்.

"இந்த ஹிஸ்பானிக் பெண்களுக்கு விழிப்புணர்வே இல்லை" என்று, ஸ்பானிஷ் பேசும் லத்தீன் அமெரிக்க வழிவந்தவர்களைப் பற்றி உடன் வேலை செய்பவர் ஒருவர் சொன்னபோது எனக்குத் தாங்கவில்லை. ஒருநாள் கூலியை விட்டுவிட்டுப் பரிசோதனைக்கு வந்தவர் அந்தப் பெண். வராதவரைப் பற்றியா பேசுகிறோம்?

மெக்சிகோ எல்லையை ஒட்டிய ரியோ கிராண்டே பள்ளத்தாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லையோர மாவட்டங்களில் கருப்பை வாய்ப் புற்றுநோயின் இறப்பு விகிதம் டெக்சாஸின் மற்ற இடங்களைவிடச் சுமார் 30 சதவீதம் அதிகம். பரிசோதனை இலவசமாகக் கிடைத்தாலும் அடுத்த படிக்குப் பலரிடம் காப்பீடு இல்லை. 2000ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏழைப் பெண்களுக்கு மெடிகெய்ட் என்ற அரசுக் காப்பீட்டின் மூலம் சிகிச்சை கிடைக்கிறது, ஆனால் குடியேற்ற ஆவணம் இல்லாதவர்களுக்கு அந்தக் கதவு மூடியே இருக்கிறது. ஹூஸ்டனில் பெரிய மருத்துவமனை இருந்து என்ன பயன்? வடக்கே போனால் ஃபால்ஃபூரியஸ் சோதனைச்சாவடியில் குடியேற்ற ஆவணம் கேட்க எல்லைக் காவல்படை நிற்கிறது. புற்றுநோய்க்குப் பயப்படுவதா, அந்தச் சாவடிக்குப் பயப்படுவதா?

இத்தனைக்கும் இது அவசரமாகக் கொல்லும் நோய் இல்லை. இதற்குக் காரணமான எச்.பி.வி. என்ற வைரஸின் தொற்று புற்றுநோயாக மாறப் பொதுவாகப் பத்து வருடத்துக்கு மேல் ஆகும். முன்நிலையிலேயே கண்டுபிடித்தால் லீப் என்ற சிறு சிகிச்சையில், மருத்துவமனையில் தங்காமலே, அந்தத் திசுவை எடுத்துவிடலாம். அவ்வளவு நேரம் கையில் இருந்தும் ஒரு பெண்ணை இழக்கிறோம் என்றால் அது நம் ஏற்பாட்டின் குறை.

வழி தெரியாமலும் இல்லை. 1990இல் நியூயார்க்கின் ஹார்லெமில் ஹரால்டு ஃப்ரீமன் என்ற அறுவை மருத்துவர், நோயாளியின் கூடவே நின்று வழிகாட்ட ஆட்களை அமர்த்தினார். லத்தீன் சமூகத்தில் 'ப்ரொமொத்தோரா' என்று அழைக்கப்படும் சமூக சுகாதாரப் பணிப் பெண்கள் இருக்கிறார்கள். அதே தெருவில் வாழ்பவர்கள், ஸ்பானிஷில் பேசுபவர்கள். "இது இன்னும் புற்றுநோய் இல்லை, வியாழக்கிழமை நான் கூட வருகிறேன்" என்று அவர்களில் ஒருவர் சொல்வதும், தபாலில் வரும் காகிதமும் ஒன்றாகுமா? ஹூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மருத்துவமனை பள்ளத்தாக்கின் உள்ளூர் கிளினிக்குகளில் இருப்பவர்களுக்கே கால்போஸ்கோபியும் லீப்பும் கற்றுக்கொடுக்கிறது. சாவடியைத் தாண்டவே வேண்டாம். என்னைக் கேட்டால் இதுதான் முதலில் பெருக வேண்டியது.

2024இல் பெண்கள் தாங்களே மாதிரி எடுத்துக்கொள்ளும் எச்.பி.வி. சோதனைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நல்லதுதான். இன்னும் நிறையப் பேருக்கு முடிவு 'பாசிட்டிவ்' என்று வரும். அவர்களை யார் கூப்பிடப் போகிறார்கள்?

எங்கள் ஆய்வகத்தில் ஒரு யோசனை சொல்லியிருக்கிறேன். தீவிர மாற்றம் என்று அறிக்கை போய் 90 நாளாகியும் பயாப்ஸி வராத பெயர்களைப் பட்டியலிட்டு, மாதாமாதம் அந்தந்த கிளினிக்குக்கு நாமே அனுப்பலாம் என்று. திங்கட்கிழமை பதில் சொல்வதாக மேலாளர் சொல்லியிருக்கிறார்.