மொரிசோவுக்கு ஒரு வரிதானா?

மாறும் ஒளியையும் நிறத்தையும் பிடித்து வரைந்த இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்கள் பற்றிய உங்கள் தொடரில் மோனே, ரெனுவார், தெகா பற்றி இவ்வளவு விரிவாக எழுதிவிட்டு, அவர்களோடு வரைந்த பெண் ஓவியர் பெர்த் மொரிசோவை ஒரே வரியில் கடந்துபோனது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. 1874-இல் பாரிஸில் நடந்த இம்ப்ரெஷனிஸ்டுகளின் முதல் கண்காட்சியிலேயே அவர் ஓவியங்கள் இருந்தன. மொத்தம் நடந்த 8 கண்காட்சிகளில் 7-இல் கலந்துகொண்டவர். மகள் பிறந்த சமயம் என்பதால் 1879-இல் மட்டும் இல்லை.

அவருடைய ‘தொட்டில்’ படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். தூங்கும் குழந்தைக்கும் நமக்கும் நடுவே ஒரு மெல்லிய வெள்ளைத் திரை. வெள்ளைக்குள் எத்தனை நீலம், சாம்பல், இளஞ்சிவப்பு! கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் தாய், மொரிசோவின் அக்கா எட்மா. அவரும் நன்றாக வரைந்தவர்தான், கல்யாணத்தோடு தூரிகையை வைத்துவிட்டார். அது தெரிந்த பிறகு அந்த முகத்தை என்னால் சாதாரணமாகப் பார்க்க முடியவில்லை. அடுத்த பகுதியில் மொரிசோவைப் பற்றித் தனியாக எழுதுங்கள்.