லாரி நிற்கிறது, பேட்டரி சாகிறது

லோடு இல்லாமல் லாரி நிற்பதே பெரிய வயிற்றெரிச்சல். ஓடினாலும் ஓடாவிட்டாலும் காலாண்டு வரி கட்டியாக வேண்டும், இன்சூரன்ஸ் கட்டியாக வேண்டும், ஃபைனான்ஸில் இருந்து தேதி தவறாமல் போன் வரும். சரி, அதெல்லாம் இந்தத் தொழிலோடு கூடப் பிறந்தது. ஆனால் வாரக்கணக்கில் சும்மா கிடந்த வண்டிக்கு ஒருவழியாக லோடு அமைந்து, நாமக்கல் ஷெட்டுக்குப் போய்ச் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தத்தோடு செல்ஃப் (இன்ஜினைக் கிளப்பும் மோட்டார்) அடங்கிவிடுகிறது பாருங்கள், அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

இத்தனைக்கும் பெட்டிக்குள் இருப்பது இரண்டு பேட்டரி. ஒவ்வொன்றும் 12 வோல்ட், 150 ஏஹெச் (ஆம்பியர் ஹவர், அதாவது பேட்டரி பிடிக்கும் கொள்ளளவு), ஒன்றன்பின் ஒன்றாக சீரிஸில் சேர்த்து 24 வோல்ட். ஜோடி வாங்கப் போனால் 25 ஆயிரத்தைத் தொடும். நல்ல நிலையில் இருக்கிற பேட்டரி சும்மா நின்றால் தானாகக் கொஞ்சம் இறங்கும், நம் ஊர் வெயிலில் இன்னும் வேகமாக இறங்கும், அது இயற்கை. அந்தக் கணக்கில் பார்த்தாலும் சில மாதம் தாங்க வேண்டியது. இங்கே அதற்கு முன்பே செத்துப்போகிறது என்றால் யாரோ உறிஞ்சுகிறார்கள் என்றுதானே அர்த்தம்?

உறிஞ்சுவதற்கு ஆளா இல்லை. வண்டி எங்கே இருக்கிறது என்று காட்டும் ஜிபிஎஸ் கருவி சாவியை எடுத்த பிறகும் விழித்துக்கொண்டே இருக்கும். அது 50 மில்லி ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 1.2 ஏஹெச், மாதத்துக்கு 36. வண்டி ஒரு அடி நகராமலேயே பேட்டரியில் கால் பங்கு காலி! அதைக்கூட மன்னித்துவிடலாம், இரண்டு பேட்டரியிலும் சமமாகத்தான் எடுக்கிறது.

மன்னிக்கவே முடியாதது அந்தப் பாட்டுப் பெட்டி. கார் கடையில் வாங்கிய 12 வோல்ட் செட். வண்டியில் இருப்பதோ 24. நடுவில் 24-ஐ 12 ஆக்கும் ஒரு கன்வெர்ட்டர் போட வேண்டும், அது ஒன்றும் யானை விலை இல்லை. ஆனால் நம்ம எலக்ட்ரீஷியன் என்ன செய்வார்? இரண்டு பேட்டரியும் சேர்கிற இடத்தில் ஒரு வயரைச் சொருகி, ஒற்றை பேட்டரியில் இருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்துக் கொடுப்பார். கேட்டால், “அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்கண்ணா, எல்லா வண்டிக்கும் இப்படித்தானுங்க.” எல்லா வண்டிக்கும் இப்படித்தான், அதனால்தான் எல்லா வண்டியிலும் ஒரு பேட்டரி மட்டும் முன்னால் சாகிறது!

கூத்து அதோடு முடியவில்லை. வண்டி ஓடும்போது டைனமோ கொடுக்கும் 28 வோல்ட் ஆளுக்குப் பாதியாகப் பிரிய வேண்டும். ஒன்று நிறைந்தும் ஒன்று இறங்கியும் கிடந்தால், நிறைந்ததுக்கு 15, இறங்கியதுக்கு 13 என்று போகும். நல்ல பேட்டரி கொதித்துத் தண்ணீர் வற்றுகிறது, மோசமான பேட்டரி கடைசிவரை நிறைவதே இல்லை. டேஷ்போர்டு மீட்டரில் இது தெரியவும் தெரியாது. 24.6 என்று காட்டினால் சுமாராக இருக்கிறது என்று நினைப்போம். உள்ளே ஒன்று 12.7, இன்னொன்று 11.9. தனித்தனியாக மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். இறங்கிய நிலையிலேயே கிடந்தால் பிளேட்டில் சல்பேட் படிந்து இறுகிவிடும். அப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் தேறாது. வாரண்டி கேட்டுப் போனால், “டீப் டிஸ்சார்ஜ் ஆகியிருக்குங்க, கம்பெனி ஒத்துக்காது” என்று கடையில் கையை விரிப்பார்கள். ஒன்றை மட்டும் மாற்றலாமா என்றால் அதுவும் கூடாது, பழையது புதியதையும் சேர்த்துக் கெடுக்கும்.

இதற்கு நடுவே அறிவுரைக்குப் பஞ்சமில்லை. “தினமும் பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி விடுங்கண்ணா.” வண்டி நின்றபடி இன்ஜின் மெதுவாக ஓடும் ஐடிலில் டைனமோ கொடுப்பதே கொஞ்சம். செல்ஃப் அடித்ததில் போனதைத் திருப்பி வைத்து, மேலே ஏதோ கொஞ்சம் சேரும், அவ்வளவுதான். இறங்கிய பேட்டரி நிறைய மணிக்கணக்கில் சார்ஜ் ஏற வேண்டும். பத்து நிமிஷத்தில் நிறைவது டீக்கடை கல்லாதான்.

கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் போடு என்பது அடுத்த யோசனை. ஒன்று 40 கிலோ, நீங்கள் வந்து தூக்குகிறீர்களா? ஷெட் என்று பேர்தான், அது வேலி போட்ட பொட்டல். பிளக் பாயிண்டும் கிடையாது, பேட்டரி திருடனுக்கும் பஞ்சமில்லை.

பேட்டரி இணைப்பையே துண்டிக்கும் கட்-ஆஃப் சுவிட்ச் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் ஜிபிஎஸ்காரர் தன் வயரை அந்த சுவிட்சைத் தாண்டி நேராக பேட்டரியிலேயே முறுக்கியிருக்கிறார். பாட்டுப் பெட்டி வயரும் அப்படியே. சுவிட்சைத் திருப்பினாலும் இரண்டும் ஜம்மென்று ஓடிக்கொண்டிருக்கும்! பிஎஸ்6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டியில் இன்னொரு தொல்லை: சாவியை எடுத்ததும், புகையைச் சுத்தப்படுத்த ஊற்றும் யூரியா கரைசலின் பம்ப் குழாயில் மிச்சமிருப்பதை டேங்குக்குத் திருப்பி இழுக்கும். இரண்டு நிமிஷமாவது பொறுத்துத்தான் சுவிட்சைத் திருப்ப வேண்டும். அவசரப்பட்டால் யூரியா குழாயிலேயே உப்பாகப் படிந்து அடைத்து, பேட்டரிக்கு மிச்சம் பிடித்ததைவிட அதிகச் செலவு வைக்கும். இதை டிரைவருக்குச் சொல்லிக் கொடுக்கிற ஷோரூம் ஒன்றையாவது காட்டுங்கள்.

வண்டியில் வயர் பிடிக்கிற எல்லோருக்கும் சேர்த்தே சொல்கிறேன். வண்டி என்றைக்கும் ஓடிக்கொண்டே இருக்கும் என்ற நினைப்பில் வேலை செய்யாதீர்கள். இப்போது இருக்கிற லோடு நிலவரத்தில் பாதி நாள் அது நிற்கத்தான் போகிறது. எதைப் போட்டாலும் சுவிட்சைத் திருப்பினால் அணைகிற மாதிரி கட்-ஆஃபுக்கு இந்தப் பக்கம் போடுங்கள், 12 வோல்ட் வேண்டுமென்றால் கன்வெர்ட்டர் போடுங்கள். காசு நான் தருகிறேன். ஒற்றை பேட்டரியில் வயர் சொருகிவிட்டு 'ஒண்ணும் ஆகாதுங்கண்ணா' என்று மட்டும் இனி யாரும் என்னிடம் வராதீர்கள், அடுத்த ஜோடிக்கான பில் உங்கள் கடைக்குத்தான் வரும்.