மீனைத் திரும்ப விட்டால் மட்டும் போதாது

நம்ம தமிழ்த் தூண்டில் குழுவில் ஓடிக்கொண்டிருக்கும் அந்த வீடியோவை இந்நேரம் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். யார் என்று நான் சொல்லப்போவதில்லை. அமெரிக்காவில் நம்ம மாசசூசெட்ஸின் கேப் காட் கால்வாய்ப் பாறை மேல் ஒரு பெரிய ஸ்ட்ரைப்பர் (உடம்பில் கோடு போட்ட கடல் மீன், striped bass), நாற்பது அங்குலத்துக்குக் குறையாது. செவுளுக்குள் கையை விட்டுத் தொங்கத் தூக்கி, ஆள் மாற்றி ஆள் போட்டோ. நடுவில் ஒருமுறை கை நழுவிப் பாறையில் விழுந்து துடிக்கிறது. மறுபடி எடுத்துத் துண்டால் துடைத்து இன்னும் நாலு போட்டோ. கடைசியில் மேட்டிலிருந்து அப்படியே தண்ணீருக்குள் ஒரு வீச்சு. கீழே இதயக் குறியாக் கொட்டுகிறது.

"இந்த மீன் பிழைத்திருக்காது" என்று ஒரே வரி எழுதினேன். வந்த பதில்: "விட்டாச்சுல்ல அங்கிள், அப்புறம் என்ன பிரச்சினை?" அதற்கு எழுபது பேர் சிரிப்பு.

விட்டாச்சுல்ல என்ற அந்த நினைப்புதான் பிரச்சினை. விடுவது வேறு, பிழைக்கும்படி விடுவது வேறு.

மாசசூசெட்ஸ் மீன்வள ஆய்வாளர்கள் 1990களில் உப்புத் தண்ணீரில் ஸ்ட்ரைப்பர்களைத் தூண்டிலில் பிடித்து, விட்டு, கவனித்துப் பார்த்தார்கள். நூற்றுக்கு ஒன்பது செத்தது. அட்லாண்டிக் கரை மாநிலங்களின் மீன்வள ஆணையம் இன்றைக்கும் கணக்கில் வைத்திருப்பது அந்த 9 சதவீதத்தைத்தான். ஒன்பதுதானே என்று தோன்றும். ஆனால் இந்தக் கரையில் பொழுதுபோக்காகத் தூண்டில் போடுபவர்கள் பிடிக்கும் ஸ்ட்ரைப்பரில் பத்துக்கு ஒன்பது திரும்பக் கடலுக்குத்தான் போகிறது. ஒரு வருடத்துக்கு அது கோடிக்கணக்கில் வரும். அதில் ஒன்பது சதவீதம் என்றால் எவ்வளவு என்று நீங்களே போட்டுப் பாருங்கள். சில ஆண்டுகளில், வீட்டுக்குக் கொண்டுபோன மீனும் விட்ட பிறகு செத்த மீனும் ஏறக்குறைய சரிக்குச் சரியாக இருந்திருக்கிறது. அந்த ஒன்பதும் சராசரிதான். முள்ளை விழுங்கின மீன், வெயிலில் பாறையில் கிடந்த மீன், செவுள் கிழிந்த மீன் எல்லாம் அந்தச் சராசரிக்கு எங்கோ மேலே.

இப்போதைய விதி எல்லாருக்கும் தெரியும்: 28 அங்குலமோ அதற்கு மேலோ, 31க்குக் கீழ், ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒன்று. வாயை மூடிவைத்து மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை அளக்க வேண்டும். 31ஐத் தொட்டாலே விட்டே ஆகவேண்டும், சட்டம். ஆக அந்தப் பெரிய மீனை விட்டது ஒன்றும் பெருந்தன்மை இல்லை, வேறு வழியே கிடையாது. சட்டம் உங்களிடமிருந்து காப்பாற்றிய மீன் அது. அதை எப்படி விடுகிறோம் என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. அதையும் கோட்டை விட்டால் சட்டம் இருந்து என்ன பயன்?

ஏன் பெரியதற்கு மட்டும் இவ்வளவு பாதுகாப்பு என்று ஒருவர் கேட்டிருந்தார். நாற்பது அங்குல ஸ்ட்ரைப்பர் என்றால் கிட்டத்தட்ட எப்போதும் பெண் மீன்தான், வயது பன்னிரண்டையாவது தொட்டிருக்கும். பன்னிரண்டு பவுண்டு பெண் மீன் எட்டு லட்சம் முட்டைக்கு மேல் போடும். ஐம்பது பவுண்டைத் தாண்டியது நாற்பது லட்சம் வரை போடும். இந்தக் கரை முழுக்க ஓடும் ஸ்ட்ரைப்பரில் பெரும்பங்கு செசபீக் விரிகுடாவில் பிறந்தது. ஹட்சன் ஆறும் டெலவேர் ஆறும் அதற்கு அடுத்துதான். அந்தச் செசபீக்கில் மேரிலாந்து மாநிலம் ஒவ்வொரு ஆண்டும் சிறு வலை இழுத்துக் குஞ்சுகளை எண்ணுகிறது. ஒரு இழுப்புக்கு நீண்டகாலச் சராசரி 11 குஞ்சு. 2023இல் 1.0. 2024இல் 2.0. பிறக்கிற குஞ்சே இப்படி இருக்கும்போது முட்டை போடும் தாய் மீன் ஒவ்வொன்றும் முக்கியம். 1980களில் இந்த மீன் சரிந்து, 1985இலிருந்து 1990 வரை மேரிலாந்தில் பிடிக்கவே கூடாது என்று மூடினார்கள். மீண்டுவிட்டது என்று அறிவிக்க 1995 ஆனது. அந்த நிலைக்கு மறுபடி போகலாமா?

"சீசன் ஆரம்பம்தானே, தண்ணீர் குளிர்ந்திருக்கும், மீன் தாங்கும்" என்று ஒரு வாதம். இதில் பாதி உண்மை. குளிர்ந்த தண்ணீரில் ஆக்ஸிஜன் அதிகம், ஆகஸ்ட் வெந்நீரில் விடுவதைவிட மே மாதம் விடும் மீனுக்கு வாய்ப்பு கூடுதல்தான். ஆனால் இங்கே மே கடைசியில் வரும் பெரிய மீன் தெற்கே முட்டை போட்டுவிட்டு, உடம்பு வற்றி, நூற்றுக்கணக்கான மைல் நீந்தி வருகிறது. அதன் உடம்பில் மிச்சமிருக்கும் தெம்பை நாம் இழுத்து எடுத்துவிட்டு அதற்குப் பிறகு போட்டோ எடுக்கிறோம்.

சரி, வெறும் திட்டு வேண்டாம். சீசன் தொடங்கும்போது என்ன செய்ய வேண்டும் என்று தெரியாமல்தான் பலர் இப்படிச் செய்கிறார்கள், அதனால் விவரமாகவே சொல்கிறேன்.

ஏப்ரல் கடைசியில் கேப் காடின் தென்கரைக்கு முதல் சிறு மீன்கள் வரும். மே முதல் இரண்டு வாரத்தில் பாஸ்டன் துறைமுகம். தண்ணீர் 50 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் கண் வைக்கலாம். அவை ஆற்று ஹெர்ரிங் என்ற சிறு மீனின் பின்னால் வருகின்றன, அதனால் சார்லஸ், மெர்ரிமாக் போன்ற ஆற்று முகங்களில் வற்றம் இறங்கும் நேரம் நல்ல நேரம். ஹெர்ரிங்கை மட்டும் தொடாதீர்கள், மாசசூசெட்ஸில் 2006இலிருந்து பிடிக்கத் தடை. சீசன் தொடக்கத்தில் வரும் சின்ன ஸ்ட்ரைப்பருக்கு ஏழு அடி மீடியம் ராடு, 20 பவுண்டு பிரெய்டு (பின்னிய தூண்டில் நரம்பு), அதன் முனையில் 30 பவுண்டு ஃப்ளூரோகார்பன் தலைநரம்பு இரண்டு மூன்று அடி, அரை அவுன்ஸ் ஜிக் தலையில் (ஈயத் தலை வைத்த முள்) ஐந்து அங்குல ரப்பர் மீன். அவ்வளவுதான் தேவை. கால்வாய்க்கு இது போதாது. அங்கே ஓட்டம் ஆளையே இழுக்கும், கனமான ராடும் இரண்டு மூன்று அவுன்ஸ் ஜிக்கும் வேண்டும். மெலிந்த சாமான்களோடு அங்கே பெரிய மீனை மாட்டினால் அரைமணி நேரம் போராடித்தான் கரையேற்ற முடியும். அப்போதே மீன் பாதி செத்துவிடும். வீடியோவில் ராடு வளைந்த வளைவைப் பார்த்தாலே தெரியும்.

மாக்கரல் வந்துவிட்டால் எல்லாரும் உயிர் இரைக்கு மாறுவார்கள். நம்ம அயிலைக்கு ஒன்றுவிட்ட உறவு, அதே சுறுசுறுப்பு. சபிகி முள் மாலையில் (ஒரே நரம்பில் வரிசையாகக் கட்டிய சிறு முட்கள்) கீழே இரண்டு அவுன்ஸ் ஈயம், அடி வரை இறக்கி மெதுவாகத் தூக்கினால் போதும். ஆறு முள் மாலையை வாங்கி மூன்று மூன்று முள்ளாக வெட்டிக்கொள்ளுங்கள், சிக்கல் குறையும். உயிரோடு வைக்க வேண்டுமென்றால் வாளி உதவாது. மாக்கரல் நீந்திக்கொண்டே இருந்தால்தான் செவுளில் தண்ணீர் ஓடும். மூலை உள்ள தொட்டியில் மூக்கை முட்டி முட்டிச் சாகும். படகில் வட்டத் தொட்டி, ஓயாமல் ஓடும் பம்பு, ஒரு நேரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு மீன், அதற்கு மேல் வேண்டாம். ஆளுக்கு நாளைக்கு 20 என்பது 2023இலிருந்து கூட்டாட்சி விதி, இரைக்கு வைத்ததும் அதில் சேர்த்திதான். குழம்புக்கு என்றால் பிடித்த உடனே செவுளை வெட்டி ரத்தம் வடியவிட்டு, கடல் தண்ணீரும் ஐஸும் கலந்த பெட்டியில் முங்கப் போடுங்கள். வெயிலில் விட்ட மாக்கரலில் ஹிஸ்டமின் ஏறும், அதற்குப் பிறகு எவ்வளவு வேகவைத்தாலும் போகாது, தின்றவர் முகம் சிவந்து தடித்துப் படுப்பார்.

இயற்கை இரை கோத்து ஸ்ட்ரைப்பர் பிடிக்கச் சர்க்கிள் முள் கட்டாயம், 2021இலிருந்து. முனை தண்டை நோக்கி வளைந்த, பக்கவாட்டில் திருகாத முள். உயிர் மாக்கரலுக்கு 8/0 அளவு முள், மூக்கில் கோர்க்க வேண்டும். இங்கேதான் ஊர்ப் பழக்கம் கெடுக்கிறது. கடித்ததும் வெடுக்கென்று சுண்டினால் சர்க்கிள் முள் வெளியே வந்துவிடும், "இந்த முள் வேஸ்ட்" என்று தூக்கிப் போட்டுவிட்டுப் பழைய முள்ளுக்குப் போகிறார்கள். மீன் எடுத்துக்கொண்டு ஓடட்டும், நரம்பு இறுகட்டும், ரீலை நிதானமாகச் சுற்றுங்கள். முள் தானாக வாய் ஓரத்தில் உட்காரும். J எழுத்துபோல் வளைந்த பழைய ஜே முள் குடலில் உட்காரும். குடலில் உட்கார்ந்த முள்ளைப் பிடுங்கவே கூடாது, வாய்க்கு அருகில் நரம்பை வெட்டிவிட்டு மீனை விட வேண்டும்.

பிடித்த பிறகு: கை நனைந்திருக்க வேண்டும். துண்டு, கையுறை, காய்ந்த பாறை எல்லாம் அதன் மேல் இருக்கும் கோழையை உரித்துவிடும், பிறகு தொற்று வரும். ஸ்ட்ரைப்பருக்குக் கடிக்கும் பல் கிடையாது, கீழ்த்தாடையைக் கட்டைவிரலால் பிடிக்கலாம், மற்றொரு கை வயிற்றுக்கடியில். பெரிய மீனைத் தாடையில் மட்டும் தொங்கவிட்டால் அத்தனை எடையும் தாடை மூட்டிலும் உள்ளுறுப்பிலும் இறங்கும். செவுள் வளைவைத் தொட்டால் ரத்தம், ரத்தம் வந்தால் முடிந்தது. தண்ணீருக்கு வெளியே முப்பது நொடி. நீங்கள் மூச்சை அடக்கிப் பாருங்கள், உங்களுக்கு எப்போது மூச்சு முட்டுகிறதோ அதற்கு முன்பே மீன் உள்ளே போயிருக்க வேண்டும்.

கால்வாய்க் கரைக்கு அடிக்கடி வரும் வெள்ளைக்காரப் பெரியவர் ஒருவரை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். ஆணி வைத்த செருப்போடு நீர்க்கோட்டு வரை இறங்கி, மீனைத் தண்ணீரிலேயே வைத்து முள்ளை எடுப்பார். பிறகு ஓட்டத்தை நோக்கித் தலையைத் திருப்பி, தாடையில் விரலை வைத்துக்கொண்டு காத்திருப்பார். மீன் அவர் விரலை இறுக்கிக் கவ்வும், வால் அசையும், அப்போதுதான் விடுவார். ஒரு போட்டோ கிடையாது. சின்ன மீனுக்கும் அதே மரியாதை.

இனி வரப்போகும் பதில்களையும் எனக்குத் தெரியும். "வியாபாரிகள் அள்ளுகிறார்கள், எங்களைக் கேட்கிறீர்களே?" இந்த மாநிலத்தில் ஸ்ட்ரைப்பருக்கு வலை கிடையாது, வியாபாரிக்கும் தூண்டில்தான், அளவும் ஒதுக்கீடும் உண்டு. கரை முழுக்கக் கூட்டிப் பார்த்தால் அதிகம் சாவது நம்மைப் போல் ஞாயிற்றுக்கிழமை தூண்டில்காரர்களால்தான். "பிடிப்பதே கொடுமை, இதில் கருணை என்ன?" நான் மீன் சாப்பிடுகிறவன், 29 அங்குலம் கிடைத்தால் வீட்டுக்குக் கொண்டுபோவேன், அதில் எனக்குக் கூச்சம் இல்லை. தின்பதற்குக் கொல்வது ஒன்று. கைதட்டலுக்குக் கொன்றுவிட்டு விட்டேன் என்று சொல்லிக்கொள்வது இன்னொன்று. "ஊரில் இதெல்லாம் யார் பார்த்தா?" பார்க்கிறார்கள். தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கின்றன, மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்று. பிழைப்பே கடலாக இருப்பவர்கள் இரண்டு மாதம் அடுப்புக்குக் கஷ்டப்பட்டுப் பொறுக்கிறார்கள். நமக்குச் சம்பளம் வேறு இடத்திலிருந்து வருகிறது. நம்மால் முப்பது நொடி பொறுக்க முடியாதா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தக் கரையில் நாம் புதியவர்கள். அங்கே மூன்று தலைமுறையாக நிற்பவர்கள் இருக்கிறார்கள். நம்மில் ஒருவர் தப்பு செய்தால் அது அவர் பெயரில் நிற்பதில்லை, நம் எல்லார் மேலும் விழுகிறது. அடுத்த வாரம் பையனைக் கூட்டிக்கொண்டு போகும் அப்பாவைப் பார்க்கிற பார்வையில் தெரியும். இதைச் சொன்னால் வெள்ளைக்காரனுக்குப் பயப்படுகிறேன் என்கிறார்கள். பயம் இல்லை. அந்தப் பையன் பெரியவனாகும்போதும் அங்கே மீன் இருக்க வேண்டும், அவனும் தலை நிமிர்ந்து நிற்க வேண்டும். அங்கிள் என்று சிரித்த எழுபது பேரில் பாதிப் பேருக்கு முதல் முடிச்சு போடக் கற்றுக்கொடுத்ததே இந்தக் குழுதான். அது வலிக்கத்தான் செய்கிறது.

உள்பெட்டியில் ஒரு தம்பி மட்டும் நியாயமாகக் கேட்டிருந்தார், கடையில் வாங்கிய பிளக்கில் (மீன் வடிவச் செயற்கை இரை) இரண்டு மும்முள் இருக்கிறதே, என்ன செய்வது என்று. முள் மாட்டியிருக்கும் வளையத்தைத் திறக்கும் ஸ்ப்ளிட் ரிங் பிளையர்ஸ் ஒன்று வாங்குங்கள், தம்பி. பின்னால் இருக்கும் மும்முள்ளைக் கழற்றிவிட்டு 5/0 இன்லைன் ஒற்றை முள் போடுங்கள், முனை மேல்நோக்கி. வயிற்றில் இருப்பதையும் கழற்றி, அங்கேயும் ஒற்றை முள்ளோ வெறும் வளையமோ மாட்டுங்கள். எடை குறைந்து பிளக் ஆட்டம் மாறினால் வயிற்று வளையத்தில் சின்ன ஈயம் சுற்றுங்கள். பிறகு பிளையர்ஸால் முள் நுனியில் பின்னோக்கி நிற்கும் சிறு கொக்கியை நசுக்கிவிடுங்கள், சட்டைத் துணியில் குத்தி இழுத்தால் நூல் சிக்காமல் வர வேண்டும். நரம்பைத் தளரவிடாமல் இழுத்தால் மீன் கழன்று போகாது. முள் எடுக்க ஐந்து நொடி ஆகும். ஒரு அடி நீளமுள்ள பிளையர்ஸை இடுப்பில் கட்டிக்கொண்டு போங்கள், பையில் தேடக் கூடாது.