செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்த கால்

அந்த வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நான் மறுபடி இங்கே போடப்போவதில்லை. டாக்டர் கத்துகிறார், அந்தப் பெரியம்மா ரிப்போர்ட் கவரை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நிற்கிறார், பின்னால் யாரோ சிரிக்கிறார்கள். "சர்க்கரை முந்நூத்தி எண்பது இருக்கு, சாகணும்னு வேண்டுதலா?" என்கிறார் டாக்டர். என் நட்புப் பட்டியலில் இருப்பவர்களே அதைப் பகிர்ந்து, "இப்படி நாலு வார்த்தை கேட்டால்தான் நம்ம சனங்களுக்கு உறைக்கும்" என்று எழுதியிருக்கிறீர்கள். ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

பதினாறு வருஷமாக கும்பகோணம் பக்கம் மருந்துக்கடையில் நிற்கிறேன். டாக்டர் அறையிலிருந்து வெளியே வரும் மனுஷர்கள் அடுத்து வருவது என்னிடம்தான். திட்டு வாங்கி வந்தவர்களை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். சீட்டை நீட்டுவார்கள். முப்பது நாளுக்கு எழுதியிருக்கும். "பத்து நாளைக்குக் குடு தம்பி" என்பார்கள். அடுத்த மாதம் அந்த டாக்டரிடம் போக மாட்டார்கள், கூச்சம். பழைய அட்டையைக் கத்தரித்து முந்தானையில் முடிந்து எடுத்துவந்து, "இதே மாதிரி மஞ்சள் மாத்திரை" என்று கேட்பார்கள். அப்புறம் அதுவும் நின்றுபோகும். திட்டினால் சர்க்கரை இறங்காது. ஆள்தான் வராமல் போவார்.

என் ஆதங்கம் ஒன்றே ஒன்று. அந்த டாக்டரிடம் ஒரு நோட்டு இருக்கிறதா? தன்னிடம் வரும் பிரஷர், சர்க்கரை நோயாளிகள் யார் யார், போன மாதம் எவ்வளவு இருந்தது, இந்த மாதம் வராமல் போனது யார் என்று எழுதிவைத்த நாற்பது ரூபாய் நோட்டு. இருந்திருந்தால் அந்த அம்மாவுக்கு முந்நூற்றி எண்பது ஏறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டு மாதம் முன்பே, "ஏம்மா வரலை?" என்று ஒரு போன் போதும்.

இது என் கற்பனை இல்லை. 2017 கடைசியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் (ஐ.சி.எம்.ஆர்.) உலக சுகாதார நிறுவனமும் அரசுகளோடு சேர்ந்து ரத்த அழுத்தத்துக்கென்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். அதில் அதிசய மருந்து ஒன்றும் கிடையாது. எல்லோருக்கும் ஒரே மாதிரி எளிய மருந்து வரிசை, முதலில் இது, இறங்காவிட்டால் அடுத்தது இது என்று. தட்டுப்பாடில்லாமல் மாத்திரை. ஆளுக்கு ஒரு அட்டை. தேதி தவறியவர்களின் பட்டியல் தனியாக வரும், அவர்களைக் கூப்பிட வேண்டும். நம் ஊரில் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவமும் அதே புத்திதான். வராதவரைத் திட்டாமல் அவர் வீட்டுக்கே மாத்திரையை எடுத்துக்கொண்டு போகிறார்கள். அதற்கு 2024-ல் ஐ.நா. விருது கிடைத்தபோது இதே நண்பர்கள்தானே பெருமையாகப் பகிர்ந்தீர்கள்?

2020-ல் தமிழ்நாடு முழுக்க எடுத்த கணக்கெடுப்பில், ரத்த அழுத்தம் உள்ளவர்களில் அது கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 சதவீதம். சர்க்கரையில் 10.8 சதவீதம். நாம் டெல்டாக்காரர்கள். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தும் கடைமடை காய்ந்து கிடந்தால் பயிரைப் பார்த்தா கத்துவோம்? வாய்க்கால் எங்கே தூர்ந்திருக்கிறது என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்ப மாட்டோமா? நூற்றுக்குச் சுமார் தொண்ணூறு பேருக்குக் கட்டுக்குள் இல்லை என்றால் தொண்ணூறு பேரும் திமிர் பிடித்தவர்களா?

"ஒரு நாளைக்கு நூறு பேரைப் பார்க்கிற டாக்டருக்கு இதற்கெல்லாம் ஏது நேரம்?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. ஆனால் பிரஷர் பார்ப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிஷம் சும்மா உட்கார வேண்டும், முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் தரையில் படவேண்டும், கை நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும், பேசக்கூடாது. நம் கிளினிக்குகளில் நடப்பது என்ன? டோக்கன் கூப்பிட்டதும் ஓடிவந்து முதுகில்லாத ஸ்டூலில் உட்காருகிறார்கள், சட்டைக் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றுகிறார்கள், காற்று ஏறிக்கொண்டிருக்கும்போதே "என்ன பண்ணுது?" என்று கேள்வி. பேசினாலே பத்து பாயிண்ட் வரை ஏறிவிடும். அந்த எண்ணை நம்பி இன்னொரு மாத்திரை எழுதுகிறார்கள், என்னிடம் வருகிறது, நான் கொடுக்கிறேன். நோயாளி வெளியே இரண்டு மணி நேரம் உட்கார்ந்துதானே இருந்தார்? அங்கேயே நர்ஸம்மா பார்த்து எழுதிவிட்டால் டாக்டருக்கு ஒரு நிமிஷம்கூடச் செலவில்லை.

"நோயாளிகள் மேல் தப்பே இல்லையா?" இருக்கிறது. மறுக்கவே இல்லை. தலை சுற்றவில்லை, அதனால் பிரஷர் போய்விட்டது என்று மாத்திரையை நிறுத்துகிறவர்கள் என் கடைக்குத் தினம் வருகிறார்கள். ஆனால் பிரஷர் எந்த அறிகுறியும் காட்டாமல் உள்ளே வேலை பார்க்கும் என்று அவர்களுக்கு யார் சொன்னது? பிரஷருக்குக் கொடுக்கும் ஆம்லோடிபின் போட்டால் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். அதை யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் கிட்னி போய்விட்டது என்று பயந்து நிறுத்திவிட்டார் ஓர் அக்கா. இன்னொருவர் புரட்டாசி சனிக்கிழமை விரதத்தில் வழக்கம்போல கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சர்க்கரை தாழ்ந்து, வேர்த்து நடுங்கி, ஆட்டோவில் தூக்கிப்போக வேண்டியதாயிற்று. "விரதம் இருப்பீங்களா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். நடவு சமயத்தில் இடுப்பு வலிக்கு வலி மாத்திரை வாங்க வரும் பெண்களைக் கேட்டால் பாதிப் பேருக்குப் பிரஷர் இருக்கிறது. அந்த வலி மாத்திரை பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். அவர்கள் சீட்டில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வா என்கிறார்கள். நடவாள் காலை ஆறரைக்கு வயலில் நிற்க வேண்டும். லேப் திறந்து, ரத்தம் கொடுத்து, சாப்பிட்டு, மறுபடி இரண்டு மணி நேரம் கழித்துக் கொடுத்தால் அன்றைய கூலி போச்சு. மூன்று மாதச் சர்க்கரையைச் சொல்லும் எச்.பி.ஏ.1சி பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையே இல்லை. அவர்கள் சாயங்காலம் வேலை முடிந்து வந்து கொடுக்கலாம். இதைச் சொல்லுங்கள் சார், திட்டுவதற்குப் பதிலாக இதைச் சொல்லுங்கள்.

"நீ என்ன டாக்டரா?" இல்லை. நான் என் அப்பாவுக்கு மகன்.

அப்பாவுக்கு வலங்கைமான் பக்கம் மூன்று மா நிலம். பதினோரு வருஷம் சர்க்கரைக்கு ஒரே கிளினிக், மாதம் தவறாமல் போனார். இத்தனைக்கும் மாத்திரையை மறக்காத மனுஷர், திட்டு வாங்கவே வழியில்லை. வாசலில் "காலணிகளை வெளியே விடவும்" என்று பலகை இருக்கும். ஒவ்வொரு மாதமும் செருப்பை வெளியே விட்டுவிட்டு வெறுங்காலோடுதான் டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தார். யோசித்துப் பாருங்கள், பதினோரு வருஷம் அந்தக் கால் இரண்டும் டாக்டர் மேசைக்கு அடியிலேயே இருந்திருக்கிறது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, யாராவது குனிந்து பார்த்திருக்கலாம்.

சர்க்கரையில் பாதம் மரத்துப்போயிருந்ததால், கருவமுள் ஏறி மூன்று நாள் அவருக்குத் தெரியவில்லை. பாயில் கறை பார்த்து அம்மாதான் கண்டுபிடித்தாள். தஞ்சாவூரில் சேர்த்தோம். அங்கே ஒரு சின்னப் பெண், பயிற்சி டாக்டர்தான், தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து ஒரு நைலான் நூலை எடுத்தாள். "கண்ணை மூடிக்குங்க ஐயா, நான் தொடும்போது சொல்லுங்க" என்றாள். பாதத்தில் ஒவ்வொரு இடமாகத் தொட்டுக்கொண்டே போனாள். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். எட்டாவது இடம் தொட்டபோது அப்பா கண்ணை மூடியபடியே, "எப்பம்மா தொடப்போற?" என்றார்.

இரண்டு விரலை எடுத்தார்கள். இப்போது எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்பு போட்டு வரப்பு வரை நடக்கிறார். அந்த நூல் சோதனைக்கு ஆகும் நேரம் இரண்டு நிமிஷம். வருஷத்துக்கு ஒரு முறை பாதம், கண்ணின் விழித்திரை, சிறுநீரில் புரதம், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் பார்க்க வேண்டும் என்பது டாக்டர்கள் படிக்கிற புத்தகத்திலேயே இருப்பதுதான். அரசே பாதம் பாதுகாப்போம் என்று ஒரு திட்டம் வைத்திருக்கிறது. நான் புதிதாக எதையும் கேட்கவில்லை.

"நல்ல டாக்டர்களை அவமானப்படுத்துகிறாய்" என்று யாராவது வந்தால் பதில் சொல்லும் பொறுமை எனக்கு இல்லை. அந்தப் பெண் மண்டியிட்டு உட்கார்ந்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

வீடியோவை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். டாக்டர் முகத்தைப் பார்க்காதீர்கள், சிரிக்கிறவர்களையும் விட்டுவிடுங்கள். கடைசியில் அந்தப் பெரியம்மா திரும்பிக் கதவு வரை நடக்கும் இடத்தைப் பாருங்கள். வெறுங்கால். இடது கட்டைவிரலில் அழுக்குத் துணி ஒன்று சுற்றியிருக்கிறது. நடவுச் சேற்றில் நிற்கிற கால் அது. அறையில் அத்தனை பேர் இருந்தும் ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை.

அந்த டாக்டரைத் தெரிந்தவர்கள் இதைப் படித்தால் அவரிடம் சொல்லுங்கள். இன்றைக்கே அந்த அம்மாவைக் கூப்பிட்டு அந்தத் துணியை அவிழ்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் பெயரும் ஊரும் போன் நம்பரும் அங்கே எழுதி வைத்திருந்தால்.