மாண்டிசோரி முறை கொடைக்கானலில் பிறந்ததா?

"மாண்டிசோரி கல்வி முறை நம்ம கொடைக்கானலில்தான் பிறந்தது, வெள்ளைக்காரன் அந்த அம்மாவை இங்கே சிறை வைத்தபோது உருவாக்கினார்" என்றொரு வாட்ஸ்அப் செய்தி பழனி மலைப்பக்கம் சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

இந்த முறையின் முதல் பள்ளியான 'குழந்தைகள் இல்லம்' 1907 ஜனவரி 6 அன்று ரோம் நகரில், சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் பகுதியில் திறக்கப்பட்டது. இந்த முறையை உருவாக்கிய இத்தாலியப் பெண்மணி மரியா மாண்டிசோரி இந்தியா வந்ததே 1939-இல்தான், அதுவும் பிரம்மஞான சபை அழைத்து, சென்னை அடையாறுக்கு.

சிறைக் கதைக்கு ஒரு வேர் உண்டு. 1940 ஜூனில் இத்தாலி இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனுக்கு எதிராக இறங்கியதும், ஆங்கிலேய அரசு அவர் மகன் மரியோவைக் காவலில் வைத்தது. தாயின் 70-ஆவது பிறந்தநாளையொட்டி விடுவித்தது. இருவரும் கொடைக்கானல் வந்தது அதன் பிறகு, 1942-இல்.

ஆனால் கொடைக்கானலின் உண்மையான பங்கு சின்னதல்ல. அதைச் சொல்லாமல் விடுவதுதான் எனக்கு வருத்தம். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் இங்கே வெவ்வேறு வயதுக் குழந்தைகள் ஒன்றாகப் படித்தார்கள். செடி, பூச்சி, மண், வானம் எல்லாம் ஒன்றோடொன்று பிணைந்தவை என்று காட்டும் கல்வியை, 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்காக அவர் விரிவாக வளர்த்தெடுத்தது இந்த மலையில்தான். இலங்கையைச் சேர்ந்த லேனா விக்ரமரத்ன அந்தப் பணியில் அவருக்குத் துணை நின்றார்.