வீட்டில் பார்ப்பவர்களுக்கும் பொறுமை உண்டு
வீட்டில் இருந்து படம் பார்ப்பவர்களுக்குப் பொறுமை இல்லை, மெதுவான படம் என்றால் உடனே மாற்றிவிடுவார்கள் என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டு நிலைமை அப்படியில்லை. நாங்கள் வீட்டில் பார்த்த 'கொட்டுக்காளி' படத்தில் பின்னணி இசையே கிடையாது. ஓட்டோச் சத்தம், கால் கட்டிய சேவல், நடிகை அன்னா பென்னின் வாய் திறக்காத முகம், அவ்வளவுதான். தெருவை மறித்து நிற்கிற மாட்டுக்கு முன்னால் ஆம்பிளைகள் எல்லாம் தயங்கி நிற்க, ஒரு சின்னப் பிள்ளை வந்து அதைக் கூட்டிக்கொண்டு போகும். அந்த இடத்தில் அம்மா கைதட்டியே விட்டார்.

'மெய்யழகன்' படம் தியேட்டரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதில் 18 நிமிடங்களை வெட்டியது சரியில்லை. இரண்டு பேர் இரவிரவாகக் கதைப்பதுதானே அந்தப் படம்!

இலங்கையில் இருந்து தமிழ்நாட்டுக்குப் போகும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதையான 'டூரிஸ்ட் ஃபேமிலி'யில் சசிகுமாரும் சிம்ரனும் மனதில் நிற்கிறார்கள். எங்கள் பேச்சைக் கேலிப்பொருள் ஆக்காததற்கு உண்மையிலேயே நன்றி. ஆனால் 2022 பொருளாதார நெருக்கடியில் பெற்றோலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற எங்களுக்கு ஒரு குறை. ராமேஸ்வரத்தில் இறங்குவதற்கு முன்னால் அந்தக் குடும்பம் இங்கே என்ன பாடுபட்டது என்பதைக் கொஞ்சமாவது காட்டியிருக்க வேண்டும். அடுத்த கட்டுரையில் இதைப் பற்றியும் எழுதுங்கள்.