மூலம் என்றே எட்டு மாதம் போனது

பேருந்து நிலையச் சுவரில் 'மூலம், பவுத்திரம்' போஸ்டரைப் பார்த்தாலே இப்போது எனக்கு எரிச்சல் வருகிறது. நண்பனுக்கு 34 வயது. மலத்தில் ரத்தம் போகிறது என்று ஒரு மருத்துவரிடம் போனான். அவர் வயதைக் கேட்டார், மூலம் என்றார். ஒரு களிம்பு, நார்ச்சத்துப் பொடி, காரத்தைக் குறைங்க தம்பி. எட்டு மாதம் இப்படியே ஓடியது. வேறொரு மருத்துவர் கையுறை போட்டு விரல் விட்டுப் பார்த்தார், கட்டி தட்டுப்பட்டது. ஒரு நிமிட வேலை. மலக்குடல் புற்றுநோய், மூன்றாம் நிலை.

'இந்த வயசுல வராதுங்க' என்பதை முதலில் விட வேண்டும். மும்பை டாடா மருத்துவமனை 800 பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயாளிகளைக் கணக்கெடுத்தபோது சராசரி வயதே 47தான். நம் நாட்டில் இளையவர்கள் அதிகம், சராசரி இறங்கித்தான் தெரியும், சரி. ஆனாலும் அமெரிக்காவிலேயே குடல் புற்றுநோய்ப் பரிசோதனை தொடங்கும் வயதை 2021ல் 50லிருந்து 45க்கு இறக்கிவிட்டார்கள். இங்கே அரசு முகாம்களில் வாய், மார்பகம், கருப்பைவாய் பார்க்கிறார்கள், குடல் அந்தப் பட்டியலிலேயே இல்லை.

இளையவர்களிடம் இது ஏறிவரக் காரணம் என்ன என்பதில்தான் ஆராய்ச்சி சூடுபிடித்திருக்கிறது. 2025ல் 11 நாடுகளின் 981 கட்டிகளின் மரபணுவைப் படித்த ஆய்வு ஒன்று வந்தது. குடலில் வாழும் சில ஈ.கோலை பாக்டீரியா சுரக்கும் கோலிபாக்டின் என்ற நஞ்சு மரபணுவில் விட்டுப்போன தழும்பு, 70 தாண்டியவர்களைவிட 40க்குக் கீழ் உள்ளவர்களின் கட்டிகளில் 3.3 மடங்கு அதிகம். அது சிறுவயதிலேயே பட்ட தழும்பாம். இதுதான் காரணம் என்று நிரூபணமாகவில்லை, தொடர்பு தெரிகிறது, அவ்வளவுதான். தழும்புகள் நாட்டுக்கு நாடு மாறுகின்றன என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது, அதனால் இட்லி தோசை சாப்பிட்டு வளர்ந்தவன் குடலுக்கு பர்கர் கதையை மட்டும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது, நம் கட்டிகளை நாமே படித்தாக வேண்டும்.

அப்புறம் இளையவர்களிடம் ஏறுகிறது என்ற எண்ணிக்கையில் ஒரு குழப்பம். நடிகர் இர்ஃபான் கானுக்கு 2018ல் வந்ததே, நியூரோஎண்டோகிரைன் கட்டி, அது வேறு இனம். ஹார்மோன் சுரக்கும் செல்களில் தொடங்குவது, பழைய பெயர் கார்சினாய்டு. மலக்குடலில் வருவது பெரும்பாலும் சின்னதாக, வேறு எதற்கோ கொலனோஸ்கோபி (குடலுக்குள் கேமரா குழாய் விட்டுப் பார்ப்பது) செய்யும்போது தற்செயலாக மாட்டும். அமெரிக்கப் புள்ளிவிவரத்தைப் பிரித்துப் பார்த்த 2021 ஆய்வில், இடத்தையும் வயதையும் பொறுத்து 4 முதல் 20 சதவீதம் வரை இந்த இனம்தான். அதைக் கழித்தாலும் வழக்கமான குடல் புற்றுநோய் இளையவர்களிடம் ஏறத்தான் செய்கிறது, ஆனால் தலைப்புச் செய்தி காட்டுகிற வேகத்தில் இல்லை. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டினால் காரணம் எப்படிப் பிடிபடும்?

என்னைக் கேட்டால் இன்னொன்றும் எண்ண வேண்டும். புற்றுநோய்ப் பதிவேட்டில் நோய் உறுதியான தேதி இருக்கிறது. முதல்முறை ரத்தம் பார்த்த தேதியையும் எழுதுங்கள். நண்பனின் அந்த எட்டு மாதம் எந்தக் கணக்கிலும் இல்லை.

அவனுக்கு ஒரு தம்பி, 29 வயது. அண்ணனுக்கு நோய் வந்த வயதில் பத்தைக் கழித்தால் 24, அந்த வயதைத் தாண்டிவிட்டான், இப்போதே கொலனோஸ்கோபி பார்த்துவிட வேண்டும். போன வாரம் சொன்னேன். "எனக்கு மூலம்கூட இல்லையேண்ணா" என்கிறான்.